நெரூர் இலை, சிதம்பரம் மேடை, உடுப்பி வகுப்பறை: மதச் சுதந்திரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் வழக்கு, ஹிஜாப் வழக்கு, ஒலிபெருக்கி வழக்கு என்று ஏதாவது ஒன்று செய்தியில் வந்துவிட்டால் வீட்டிலும் டீக்கடையிலும் எழும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தியச் சட்டத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு, அதிலும் தமிழ்நாட்டு உதாரணங்கள்தான் அதிகம். என் கருத்து வரும் இடங்களில் அது கருத்து என்று தெரியும்படி சொல்லியிருக்கிறேன். சொந்தமாக வழக்கு இருப்பவர்கள் வக்கீலைப் பாருங்கள்.

அரசியலமைப்புச் சட்டம் மதச் சுதந்திரம் பற்றி என்னதான் சொல்கிறது?

25 முதல் 28 வரை நான்கு பிரிவுகள். முதல் இரண்டும்தான் பெரும்பாலான சண்டைகளுக்கு ஊற்று.

25-வது பிரிவு ஆளுக்கு உரியது. மனச்சாட்சிச் சுதந்திரம், ஒரு மதத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை. இது பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கும் மற்ற அடிப்படை உரிமைகளுக்கும் உட்பட்டது. மதத்தோடு ஒட்டிவரும் பணம், சொத்து போன்ற உலகியல் விவகாரங்களை அரசு ஒழுங்குபடுத்தலாம். சமூகச் சீர்திருத்தத்துக்கும், இந்துக் கோயில்களை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிடவும் சட்டம் போடலாம்.

26-வது பிரிவு கூட்டத்துக்கு உரியது. ஒரு சமயக் குழு தன் மத விஷயங்களைத் தானே பார்த்துக்கொள்ளலாம், சொத்து வைத்திருக்கலாம், அதைச் சட்டப்படி நிர்வகிக்கலாம்.

27 வரிப் பணத்தைப் பற்றியது: ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்று யாரிடமும் வரி வாங்கக் கூடாது. 28 பள்ளிக்கூடத்தைப் பற்றியது: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது, உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை அதில் உட்கார வைக்கக் கூடாது.

அப்படியானால் இது அரசுக்கும் மதத்துக்கும் நடக்கும் இழுபறிதானே?

பத்திரிகைத் தலைப்புகள் அப்படித்தான் போடுகின்றன. எனக்கு அதில் சம்மதமில்லை. ஒவ்வொரு வழக்கிலும் மூன்றாவதாக ஒரு ஆள் இருப்பார். அவரை யாரும் சரியாகக் கேட்பதில்லை.

சிதம்பரம் நடராசர் கோயிலைப் பாருங்கள். அந்தக் கோயிலைப் பரம்பரையாக நடத்திவரும் பொது தீட்சிதர்கள் தனி சமயக் குழு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1951-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதன்பிறகு அரசுக்கும் தீட்சிதர்களுக்கும் நிர்வாகம் யார் கையில் என்பதில் பல சுற்று வழக்குகள். இதற்கு நடுவில் ஆறுமுகசாமி என்ற முதிய சிவனடியார். அவர் கேட்டது நிர்வாகமும் இல்லை, சொத்தும் இல்லை. சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட வேண்டும், அவ்வளவுதான். தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்து ராஜராஜன் காலத்தில் மீட்கப்பட்டதாகச் சொல்கிறார்களே, அந்தக் கதை நடப்பதும் இதே கோயிலில்தான். தீட்சிதர்கள் மறுத்தார்கள். 2008-ல் அரசாணை வந்து, போலீஸ் பாதுகாப்போடு அவர் பாடினார்.

அரசு அதோடு நிற்கவில்லை. 2009-ல் உயர் நீதிமன்றமும் பச்சைக்கொடி காட்ட, நிர்வாக அதிகாரியைக் கோயிலுக்குள் கொண்டுவந்தது. 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிர்வாகத்தில் கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்யும் வரைதான் அரசு உள்ளே இருக்கலாம், கோளாறு தீர்ந்தபின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நிரந்தரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

என்னைக் கேட்டால், பாட்டு விஷயத்தில் அரசு செய்தது சரி, சாவி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது சரி. ஒரு பக்தரின் உரிமையைக் காப்பாற்றப் போன அரசு அதையே சாக்காக வைத்துக் கோயிலில் குடியேறக் கூடாது. கோயிலை நடத்தும் குழுவும் 26-வது பிரிவைக் காட்டி, வந்த பக்தரின் வாயை அடைக்கக் கூடாது. கொரோனாவுக்குப் பின், சன்னதிக்கு முன்னாலுள்ள மேடையான கனகசபையில் ஏறி வணங்கும் பிரச்சினையிலும் இதே கதைதான். 2022 மே மாதம் பக்தர்கள் ஏறலாம் என்று அரசாணை வந்தது, 2023 ஆனித் திருமஞ்சனத்தின்போது மறுபடி தகராறு. இரண்டு தடவையும் டிவி விவாதத்தில் தீட்சிதர் தரப்பும் அரசுத் தரப்பும் இருந்தன. வரிசையில் நின்றவர்கள் வரிசையிலேயே நின்றார்கள்.

தேசிய கீதம் பாட மாட்டேன் என்று ஒரு மாணவர் சொன்னால் பள்ளியிலிருந்து நீக்கலாமா?

நீக்க முடியாது. இதற்குத் தெளிவான தீர்ப்பு இருக்கிறது: பிஜோ இம்மானுவேல் வழக்கு, 1986 ஆகஸ்ட் 11.

கேரளத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஜன கண மன ஒலிக்கும்போது எழுந்து மரியாதையாக நிற்பார்கள், வாய்திறந்து பாட மாட்டார்கள். பல காலம் யாருக்கும் இது தொந்தரவாக இல்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டது, சட்டமன்றத்தில் பேச்சாகியது, விசாரணை நடந்தது. பிள்ளைகள் கீதத்தை அவமதிக்கவில்லை என்றுதான் விசாரணையே சொன்னது. ஆனாலும் 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். கேரள உயர் நீதிமன்றம் கைவிரித்தது.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி கேட்ட கேள்விகள் ரொம்ப எளிமையானவை. பாடித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா? இல்லை, கல்வித் துறைச் சுற்றறிக்கை மட்டும்தான் இருக்கிறது. சுற்றறிக்கையை வைத்து அடிப்படை உரிமையைக் குறைக்க முடியாது. பிள்ளைகளின் நம்பிக்கை உண்மையானதா? ஆமாம். அவர்கள் நின்றதில் யாருக்காவது இடைஞ்சலா? இல்லை. முடிந்தது வழக்கு. அந்த நம்பிக்கை நீதிபதிக்கு அறிவுக்கு ஒத்ததாகப் படுகிறதா என்பதைப் பார்க்கத் தேவையில்லை என்றும் தீர்ப்பு சொல்லிவிட்டது.

மதச் சுதந்திர வழக்குகளில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது இதுதான். சட்டம் இருக்கிறதா, நம்பிக்கை நிஜமா, யாருக்குப் பாதிப்பு என்ற இந்த மூன்று கேள்விகளை மற்ற வழக்குகளிலும் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன்.

பிறகு ஏன் நீதிமன்றங்கள் "இன்றியமையாத மத வழக்கமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கின்றன?

அதற்கு வேர் பழைய சென்னை மாகாணத்தில் இருக்கிறது. உடுப்பியின் எட்டு மடங்களில் ஒன்று சிரூர் மடம். அப்போது அந்த ஊர் சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டம். கிருஷ்ணர் கோயில் பூசைப் பொறுப்பு மடத்துக்கு மடம் மாறும் பர்யாயத் திருவிழா நடத்தியதில் மடத்துக்குக் கடன் ஏறியது. அறநிலைய வாரியம் தலையிட்டது. மடாதிபதி வழக்குப் போட்டார். அதற்குள் 1951-ல் புதிய அறநிலையச் சட்டமும் வந்தது.

1954-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மதம் என்பது நம்பிக்கை மட்டுமல்ல, சடங்கும் பூசையும் உணவும் உடையும்கூட அதில் வரலாம். எது மதத்தின் இன்றியமையாத பகுதி என்பதை முதலில் அந்த மதத்தின் கோட்பாட்டை வைத்தே பார்க்க வேண்டும். அறநிலைய அதிகாரி நினைத்த நேரத்தில் கருவறை வரை போகலாம் என்றிருந்த விதி செல்லாது. மடத்தின் வருமானத்தில் பங்கு வாங்கும் விதியும், அது கட்டணமல்ல வரிதான் என்பதால், செல்லாது.

கவனியுங்கள், அந்தத் தீர்ப்பு மதத்துக்குக் கவசமாகத்தான் எழுதப்பட்டது. 1961 அஜ்மீர் தர்கா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர், மூடநம்பிக்கையிலிருந்து முளைத்த வழக்கங்களுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று ஒரு வரி சேர்த்தார். அங்கிருந்து கதை மாறியது. அதற்கப்புறம் எது சாரம், எது பிறகு ஒட்டிக்கொண்டது என்று பிரிக்கும் வேலை நீதிபதிகளுடையதாகிவிட்டது.

நீதிபதி பிரித்தால் என்ன தப்பு?

ஆனந்த மார்க்கம் என்ற ஆன்மிக அமைப்பின் வழக்கைப் படித்தால் புரியும். அந்த அமைப்பு 1955-ல் தொடங்கியது. 1966-ல் அதன் குரு, தாண்டவ நடனத்தைச் சீடர்களுக்குக் கடமையாக்கினார். கத்தியும் மண்டையோடும் ஏந்தித் தெருவில் ஆடினார்கள். கொல்கத்தா போலீஸ் தடுத்தது. 1983-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம்: அமைப்பு 1955-லிருந்து இருக்கிறது, தாண்டவம் 1966-ல் வந்தது, ஆகவே அது இன்றியமையாதது அல்ல.

பதினொரு ஆண்டு தாமதமாக வந்ததால் ஒரு குருவின் கட்டளை மதத்தில் சேராது என்றால், எந்த மதத்தில்தான் எல்லாம் முதல் நாளே எழுதிவைக்கப்பட்டது? கத்தியோடு நெரிசலான தெருவில் ஆடுவது பொது ஒழுங்குக்குக் கேடு என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். முடிவு அதேதான் வந்திருக்கும், நீதிபதி குருபீடத்தில் உட்கார வேண்டியிருந்திருக்காது.

ஹிஜாப் வழக்கில் கடைசியில் என்ன முடிவு?

முடிவே இல்லை. அதுவும் உடுப்பியில் தொடங்கிய வழக்குதான், ஓர் அரசு பெண்கள் கல்லூரியில். 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு சீருடை ஆணை போட்டது. மார்ச் 15 அன்று அந்த மாநில உயர் நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கம் அல்ல, ஆணை செல்லும் என்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹேமந்த் குப்தா ஆணை சரி என்றார், நீதிபதி சுதான்ஷு துலியா தவறு என்றார். பெரிய அமர்வுக்குப் போக வேண்டிய வழக்கு.

துலியாவின் தீர்ப்பு எனக்கு ஏற்புடையது. இன்றியமையாததா என்ற கேள்விக்குள் போகவே வேண்டியதில்லை என்று அவர் சொன்னார், பிஜோ இம்மானுவேல் தீர்ப்பை எடுத்துக்காட்டினார், ஒரு பெண் பிள்ளை படிக்க வருவதில் நாம் இன்னொரு தடையைப் போடுகிறோமா என்று கேட்டார். மறுதரப்பு வாதத்திலும் எடை இல்லாமல் இல்லை. சீருடை என்று ஒன்று இருந்தால் விலக்கு எங்கே தொடங்கி எங்கே முடியும்? அந்தப் பெண் தானாக அணிகிறாளா, வீட்டில் சொல்லி அணிகிறாளா? இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் வீட்டுக் கட்டாயம் என்று சந்தேகப்பட்டு அவளைக் கல்லூரி வாசலில் நிறுத்தினால், அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான்.

சபரிமலை?

2018 செப்டம்பர் 28 அன்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லா வயதுப் பெண்களையும் அனுமதிக்கச் சொல்லித் தீர்ப்பு. ஐயப்ப பக்தர்கள் தனி சமயக் குழு அல்ல என்றது பெரும்பான்மை. மாறுபட்ட ஒரே நீதிபதி, அமர்விலிருந்த ஒரே பெண்ணான இந்து மல்ஹோத்ரா. 2019 நவம்பரில் மறுஆய்வின்போது இதிலுள்ள பொதுவான சட்டக் கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. ஆளின் உரிமையா, குழுவின் உரிமையா, முட்டிக்கொண்டால் எது பெரிது என்பதுதான் அங்கேயும் அடிப்படை.

எச்சில் இலையில் உருளுவது ஒருவரின் சொந்த விருப்பம் என்றால் அரசு ஏன் தடுக்க வேண்டும்?

இந்தத் தொகுப்பிலேயே கஷ்டமான கேள்வி இதுதான்.

கரூர் மாவட்டம் நெரூரில் சதாசிவ பிரம்மேந்திரர் என்ற துறவியின் அதிஷ்டானம் (சமாதிக் கோயில்) இருக்கிறது. ஆராதனை நாளன்று அன்னதானம் முடிந்ததும் பந்தி இலைகளை எடுக்காமல் விட்டு, நேர்ந்துகொண்டவர்கள் அவற்றின்மேல் அங்கப்பிரதட்சிணம் செய்வது வழக்கம். 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிராமணர்கள் சாப்பிட்ட இலையில் தலித்துகளும் மற்றச் சாதியினரும் உருள்கிறார்கள் என்பது அப்போதைய குற்றச்சாட்டு. 2024 மே மாதம் நேர்ந்துகொண்ட ஒருவர் மனுப் போட்டார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அனுமதித்தார். சாதி பார்த்து இங்கே எதுவும் நடப்பதில்லை, எல்லாரும் சாப்பிடுகிறார்கள், எல்லாரும் உருள்கிறார்கள். தனிமனித அந்தரங்க உரிமையில் ஆன்மிக நாட்டமும் அடங்கும். 2015 உத்தரவு பக்தர்கள் தரப்பைக் கேட்காமலே போடப்பட்டது. இவை அவர் சொன்ன காரணங்கள். அந்த ஆண்டு உருண்டார்கள். 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. மனித கண்ணியமும் சுகாதாரமும் காரணமாகச் சொல்லப்பட்டன. கர்நாடகத்தில் குக்கே சுப்ரமண்யாவில் நடக்கும் இதேபோன்ற சடங்கை உச்ச நீதிமன்றம் 2014-லேயே நிறுத்திவைத்திருந்தது.

என் மூன்று கேள்விகளைப் போட்டால் என்ன வரும்? நம்பிக்கை நிஜம், அதில் சந்தேகமில்லை. சட்டம்? இப்படி உருளக் கூடாது என்று தனியாகச் சட்டம் எதுவும் இல்லை. பாதிப்பு? உருள்பவருக்கே என்றால், அலகு குத்துவதும் தீமிதிப்பதும்கூட உடம்பை வருத்துவதுதான். அவற்றைத் தடுக்காத அரசு இதை மட்டும் தடுக்கச் சுகாதாரம் என்ற காரணம் போதாது. ஆக, என் அளவுகோல் சுவாமிநாதன் பக்கம்தான் சாய்கிறது.

ஆனாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அலகு குத்துபவர் இன்னொருவருக்குக் கீழே போவதில்லை. எச்சில் இலை அப்படியில்லை, இந்த நாட்டில் யாருடைய எச்சிலை யார் எடுத்தார்கள் என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு தெரிந்த ஒரு நீதிபதி, இன்றைக்கு எல்லாச் சாதியும் உருள்கிறது என்று சொன்னவுடன் சமாதானமாகாமல் இருப்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உருள மாட்டேன் என்று சொல்லும் ஒருவருக்கு அந்த ஊரில் எந்தக் குறையும் வராதா? வராது என்றால் விட்டுவிடலாம்.

தருமபுரம் பட்டினப்பிரவேசத்தை அரசு தடுத்தது சரியா?

2022-ல் மயிலாடுதுறைக் கோட்டாட்சியர், பட்டினப்பிரவேசத்தில் தருமபுரம் சைவ மடத்தின் தலைவரான ஆதீனத்தைப் பல்லக்கில் வைத்து மனிதர்கள் சுமப்பதற்குத் தடை போட்டார். மனிதனை மனிதன் சுமப்பது கண்ணியக் குறைவு என்று திராவிடர் கழகம் முதலான அமைப்புகள் எதிர்த்துவந்தன. தடை வந்ததும் பெரும் கொந்தளிப்பு. தானே வந்து பல்லக்கைச் சுமக்கப்போவதாக மதுரை ஆதீனம் அறிவித்தார். சில நாட்களில் தடை விலக்கப்பட்டு, மே 22 அன்று பல்லக்கு வீதியுலா நடந்தது.

தடை போட்ட விதம் சரியில்லை என்பது என் கருத்து. கூலிக்கோ பக்திக்கோ தானாக வந்து தோள்கொடுப்பவரை அரசு ஒரு கடிதத்தால் தடுக்க முடியாது. சுமப்பவர்களில் யாராவது ஒருவர் கட்டாயத்தால் வந்தேன் என்றால் நிலைமை வேறு, அப்போது அரசியலமைப்பின் 23-வது பிரிவே போதும். வலுக்கட்டாய உழைப்பை அது தடை செய்கிறது. வீதியில் நின்று இது வேண்டாம் என்று முழங்குவதற்குத் திராவிடர் கழகத்துக்கு உரிமை உண்டு. அது அரசாணை ஆகும்போதுதான் சிக்கல்.

அரசு ஏன் இந்துக் கோயில்களை மட்டும் நிர்வகிக்கிறது?

"மட்டும்" என்பது முழுச் சரியல்ல. வக்ஃபு சொத்துகளுக்குத் தனிச் சட்டமும் வாரியமும் உண்டு. பஞ்சாப் குருத்வாராக்களுக்கு 1925-லிருந்தே தனிச் சட்டம் உண்டு. ஆனால் அதிகாரி கோயில் அலுவலகத்திலேயே உட்கார்ந்து உண்டியல் திறப்பு முதல் பிரசாதக் கடை ஏலம் வரை பார்ப்பது தமிழ்நாட்டு அறநிலையத் துறை அளவுக்கு மற்ற மதங்களில் இல்லை என்பதும் உண்மை.

காரணம் வரலாறு. கிழக்கிந்தியக் கம்பெனி 1817-ல் ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டுக் கோயில் சொத்துகளை மேற்பார்வை செய்தது. கிறிஸ்தவ அரசு விக்கிரகக் கோயில்களை நடத்துவதா என்று இங்கிலாந்தில் எதிர்ப்பு வர, 1863 சட்டத்தோடு கைகழுவியது. அதன்பிறகு தர்மகர்த்தாக்கள் கையில் நிலங்கள் கரைந்தன என்ற புகார் பெருகியது. நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் 1925-ல் சட்டம் கொண்டுவந்தார். இன்றைக்கு நடப்பிலிருப்பது 1959-ம் ஆண்டுச் சட்டம். கோயில், மடம் எல்லாம் சேர்த்து 40,000-க்கு மேல் அதன்கீழ் வருகின்றன.

கணக்கு கேட்பது அரசின் வேலை, எல்லா மதத்திலும். கோயிலை அன்றாடம் நடத்துவது அரசின் வேலையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் "கோயிலை பக்தர்களிடம் கொடு" என்பவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: எந்த பக்தர்களிடம்? கோயில் நுழைவுக்கு 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் நாடாரையும் அழைத்துப்போன பிறகுதான் சட்டப் பாதுகாப்பு வந்தது. அதற்கு முன்னும் அங்கே பக்தர்கள்தான் இருந்தார்கள்.

எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்பது ஆகம விரோதமா?

1972 சேஷம்மாள் வழக்கில், அர்ச்சகர் நியமனம் உலகியல் காரியம், பரம்பரை உரிமை கிடையாது, ஆனால் ஆகமம் தகுதி சொல்லியிருந்தால் அதை மீறக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2006-ல் தமிழக அரசாணை, பயிற்சிப் பள்ளிகள். 2015 டிசம்பரில் மறுபடி உச்ச நீதிமன்றம்: கோயிலுக்குக் கோயில் அதனதன் ஆகமத்தைப் பார்க்க வேண்டும், ஆகமம் அரசியலமைப்புக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் பயிற்சி முடித்த பல சாதியினருக்குப் பணி ஆணை தரப்பட்டது, படித்து முடித்துவிட்டுப் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் அவர்களில் உண்டு. பிறப்பை ஆகமத் தகுதி என்று ஏற்றுக்கொண்டால் தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவுக்கு என்ன அர்த்தம் என்ற கேள்விக்கு நேரான பதில் இன்னும் எந்தத் தீர்ப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சீக்கியர் மட்டும் ஹெல்மெட் போடாமல் போகலாமா?

தலைப்பாகை கட்டியிருந்தால் போகலாம். மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவே விலக்கு தருகிறது. கிர்பான் என்ற சிறு வாளை வைத்திருப்பது சீக்கிய மதத்தைச் சேர்ந்ததுதான் என்று அரசியலமைப்பின் 25-வது பிரிவே விளக்கம் எழுதியிருக்கிறது.

பக்கத்துத் தெரு ஒலிபெருக்கி?

இதில் மதம் பார்க்கவே தேவையில்லை. சென்னையில் ஒரு சர்ச்சுக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்தில் ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். மார்கழி விடிகாலைப் பாட்டுக்கும் ஆடி மாதக் கூழுக்கும் பாங்குக்கும் ஒரே விதி. புகார் கொடுத்தால் கேட்பது யார் என்பது வேறு விஷயம்.

மதம் மாற அரசிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

தமிழ்நாட்டில் வேண்டாம். 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்து, சட்டமாகவும் ஆனது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அதே ஜெயலலிதா அரசே அதைத் திரும்பப் பெற்றது. உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் 60 நாள் முன்பே மாவட்ட நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். மதம் பரப்பும் உரிமைக்குள் அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தானாக மாறுவது வேறு. வயது வந்தவர் எந்த மதத்தை ஏற்கிறார், யாரை மணக்கிறார் என்பதில் அரசுக்கோ அப்பாவுக்கோ வேலையில்லை என்று 2018 ஹாதியா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் விலை உண்டு. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சேரியில் அதே வீடு, அதே கிணறு, சில ஊர்களில் கல்லறையில்கூடச் சுவர். சான்றிதழில் மட்டும் சாதி மாறிவிடுகிறது. மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கு அரசு வைத்திருக்கும் சுங்கம் என்றுதான் இதை நான் பார்க்கிறேன்.

ஜமாத்தோ, சபையோ, ஊரோ என்னை விலக்கிவைத்தால் நீதிமன்றம் உதவுமா?

அரைகுறையாக. தாவூதி போரா என்ற ஷியா முஸ்லிம் பிரிவில் தலைமைக் குரு ஒருவரை விலக்கிவைக்கலாமா என்ற கேள்வி வந்தது. விலக்கிவைப்பைத் தடைசெய்து பம்பாய் மாகாணம் 1949-ல் சட்டம் போட்டிருந்தது. 1962-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாதென்றது, குழுவின் ஒழுக்கத்தைக் காப்பதும் 26-வது பிரிவின் உரிமை என்று. தலைமை நீதிபதி சின்ஹா மட்டும் மாறுபட்டார்: விலக்கப்பட்டவர் மசூதிக்குள் போக முடியாது, சமூகக் கல்லறையில் புதைக்கவும் முடியாது, இது தீண்டாமை போலத்தானே என்றார். அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. மகாராஷ்டிரம் 2016-ல் சமூக விலக்கத் தடைச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லாததால் மிரட்டல், வழிமறிப்பு, தலித்துகள் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று கிடைத்ததை வைத்துத்தான் புகார் எழுத வேண்டும்.

எனக்கு எந்த மதமும் இல்லை. எனக்கு இதில் என்ன இருக்கிறது?

25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்திலிருந்துதான் தொடங்குகிறது, நம்பாதவருக்கும் அது உண்டு.

திருமணத்துக்கு: சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அண்ணா அரசின் 1967-ம் ஆண்டுத் திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதைச் சரிசெய்தது. முன்பு நடந்த திருமணங்களும் செல்லுபடியாயின. புரோகிதர் வேண்டாம், மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். வக்கீல் முன்னிலையில் நடந்தாலும் செல்லும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் இது இரு இந்துக்களுக்கு இடையில் மட்டும். வேறு வேறு மதம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் முன்னறிவிப்பு. பெயரும் முகவரியும் பதிவாளர் அலுவலகச் சுவரில் தொங்கும். வீட்டுக்குத் தெரியாமல் மணக்க நினைப்பவர்களுக்கு அந்த 30 நாள் எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

சான்றிதழுக்கு: பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதம் என்ற இடங்களைக் காலியாக விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973-லும் 2000-த்திலும் அரசாணைகள் வந்திருக்கின்றன. தலைமையாசிரியர் மறுத்தால் அந்த ஆணைகளைக் குறிப்பிட்டு எழுத்தில் மறுப்புக் கேளுங்கள். "சாதி, மதம் அற்றவர்" என்று தனிச் சான்றிதழை 2019-ல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் வட்டாட்சியரிடம் போராடி வாங்கினார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு முறையான அரசாணை போடச் சொன்னது. விண்ணப்பிக்கும் முன் வீட்டில் ஒருமுறை பேசிவிடுங்கள், சாதிச் சான்றிதழை வைத்துப் பெறும் இட ஒதுக்கீட்டைப் பிறகு கேட்க முடியாமல் போகும்.